ஹெமிஸ் திருவிழா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லடாக்கின் ஹெமிஸ் மடாலயத்தில் ஆண்டுதோறும் நடக்கும் முகமூடி நடனத் திருவிழாவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பயணத்துக்குத் தயாராகும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பயண நிறுவனம் ஒன்று ஐந்து நாள் திட்டம் தந்திருக்கிறது. முதல் நாள் காலை டெல்லியிலிருந்து விமானத்தில் லே; மறுநாள் அதிகாலை ஹெமிஸ் திருவிழா; மூன்றாம் நாள் கர்துங் லா கணவாய். சரியாக இருக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

சரியாக இருக்காது. திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குப் பழகிய ஊட்டி 2,240 மீட்டர்தான். லேயில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. சமவெளியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே போய் இறங்கும் உடலுக்கு, மூச்சின் ஆழத்தைக் கூட்டவும் ரத்தத்தின் அமிலச் சமநிலையைச் சரிசெய்யவும் இரண்டு மூன்று நாட்கள் தேவை.

ஏமாற்றுவது முதல் சில மணி நேரம்தான். இறங்கியதும் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. குளிர்ந்த காற்று, பளிச்சென்ற வெயில், உற்சாகம். கடைத்தெருவைச் சுற்றுகிறார்கள், சாந்தி ஸ்தூபிக்குப் படியேறுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி தொடங்கும். அன்றிரவு தூக்கம் வராது, குமட்டும். உங்கள் திட்டப்படி அந்த நிலையில்தான் அதிகாலையில் எழுந்து 45 கிலோமீட்டர் பயணம் செய்து, வெயிலில் ஆறு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். விழா முற்றத்தில் பாதியில் எழுந்து சுவரோரம் படுத்துவிடும் பயணிகளில் பலர் முந்தைய நாள் வந்து இறங்கியவர்களாகவே இருப்பார்கள்.

முதல் நாள் அறையைவிட்டு வெளியே போகாமல் ஓய்வெடுங்கள். இரண்டாம் நாள் லே கடைத்தெருவில் மெதுவாக நடக்கலாம். மூன்றாம் நாள் வண்டியில் ஷே, திக்ஸே ஊர்கள் வரை போய் வரலாம். இரண்டும் ஹெமிஸ் போகும் வழியிலேயே இருக்கின்றன, உயரமும் அதிகம் மாறாது. நான்காம் நாள் திருவிழா. 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லாவை விழா முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்துக்கும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது வழக்கம். 2024 ஜூலை இறுதியில் வெப்பம் கூடிக் காற்றின் அடர்த்தி குறைந்ததால்கூட விமானங்கள் ரத்தாயின.

மொத்தத்தில் ஏழு நாளுக்குக் குறைந்தால் இந்தப் பயணம் வேண்டாம்.

உயரத்துக்கு மாத்திரை உண்டாமே? கற்பூரம் முகர்ந்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். ஆக்சிஜன் கேன் வாங்க வேண்டுமா?
– வாசகி, சேலம்

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியான உணர்வைத் தரும், அதனால் மூச்சு நன்றாக வருவதுபோலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. அதை நம்பி ஓய்வைக் குறைத்துக்கொள்வதுதான் ஆபத்து. கையடக்க ஆக்சிஜன் கேனும் சில நிமிட ஆறுதலே.

மாத்திரையின் பெயர் அசெட்டசோலமைடு. டயமாக்ஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும். முன்தடுப்பாகப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி, உயரத்தில் இரண்டு நாள் தொடர வேண்டும். அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனிகள் மரத்ததுபோல் இருக்கும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. சல்பா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது. மாத்திரை சாப்பிட்டாலும் ஓய்வு ஓய்வுதான்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் மூன்று நாள் கூடாது. இரண்டும் இரவில் மூச்சை மேலும் மந்தமாக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். லேயில் உள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு உடனே போங்கள். இந்தப் பாதிப்புகளுக்கு அங்கே நல்ல அனுபவம் உண்டு.

ஹெமிஸ் விழாத் தேதியை எப்படி அறிவது? ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறதே!
– வாசகர், திருச்சி

திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 10, 11ஆம் நாட்கள். பத்தாம் நாள் குரு பத்மசம்பவருக்கு உரியது. சந்திரக் கணக்கு என்பதால் நம் தேதிப்படி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேரும்போது ஒரே தாவலில் பின்னே போகும். 2024இல் ஜூன் 16, 17 என்று இருந்த விழா 2025இல் ஜூலை 5, 6 ஆனது அப்படித்தான். ஆண்டுத் தொடக்கத்திலேயே லடாக் சுற்றுலாத் துறை மடாலய விழாக்களின் பட்டியலை வெளியிட்டுவிடும். விமானச் சீட்டு எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பயண நிறுவனங்களின் பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, திபெத்திய நாட்காட்டியின் குரங்கு ஆண்டில், முத்துகள் பதித்த மிகப் பெரிய பட்டுத் தங்கா (தெய்வ உருவம் கொண்ட துணிச் சித்திரம்) ஒன்றை வெளியே எடுத்து விரிப்பார்கள். கடைசியாக வந்த குரங்கு ஆண்டு 2016, அடுத்தது 2028. அந்த ஆண்டு போக நினைப்பவர்கள் தங்குமிடத்தை வெகு முன்பே பிடித்துவிட வேண்டும்.

நடனத்தைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது என்று போய்வந்த நண்பர் சொல்கிறார். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

புரிந்துகொண்டு போனால் அந்த இரண்டு நாளும் வேறு மாதிரி இருக்கும். அதனால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறோம்.

ஹெமிஸ் திபெத்திய பௌத்தத்தின் த்ருக்பா மரபைச் சேர்ந்த கோம்பா, அதாவது மடாலயம். 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் மன்னரின் ஆதரவில் எழுந்தது. விழாவின் நாயகர் பத்மசம்பவர். எட்டாம் நூற்றாண்டில் திபெத்துக்கு வஜ்ரயான பௌத்தத்தைக் கொண்டுசென்றவர். குரு ரின்போச்சே என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். தாமரையில் பிறந்தவர் என்பது மரபு. அவருடைய பிறந்த நாளாகவே ஹெமிஸில் இந்த விழாவைக் கொண்டாடுகிறார்கள்.

நடனத்துக்குச் சாம் என்று பெயர். ஆடுகிறவர்கள் அனைவரும் அந்த மடத்துத் துறவிகள். முற்றத்துக்கு வருவதற்குப் பல நாட்கள் முன்பே உள்ளே சடங்குகள் தொடங்கிவிடும். எந்தத் தெய்வத்தின் முகமூடியை அணிகிறார்களோ அந்தத் தெய்வமாகத் தம்மைத் தியானித்துக்கொண்டுதான் ஆடுவார்கள். ஆகவே இது வழிபாடு. பார்வையாளருக்காக வேகம் கூட்ட மாட்டார்கள். ஒரு காலைத் தூக்கி, மெல்லத் திரும்பி, ஒரு எட்டு வைத்து, மறுபடி திரும்பி, கொடிமரத்தைச் சுற்றி வலமாக ஒரு வட்டம் முடிக்க நெடுநேரம் ஆகும். முதல் அரை மணி நேரத்தில் பொறுமை இழந்து எழுந்து போகிறவர்கள்தான் ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள்.

முதலில் காதைப் பழக்குங்கள். கட்டடத்தையே அதிரவைக்கும் அடிக்குரல் துங்சென் என்ற நீண்ட கொம்புகளுடையது. ஓர் ஆள் உயரத்தைவிட நீளமானவை, ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் குழாய்கள், இரண்டிரண்டாக ஊதுவார்கள். அதன்மேல் மிதந்து வரும் மெல்லிய குரல் க்யாலிங். நம் நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே ஊதுவதால் ஒலி இடையில் அறுபடாது. கைப்பிடி வைத்த பெரிய முரசும் தாளங்களும் அடிக்கு அடி கணக்குச் சொல்லும். தாளம் மாறினால் அடுத்த கூட்டம் படியிறங்கப் போகிறது என்று அறியலாம்.

விழாக் காலையில் முற்றத்துச் சுவரில் பெரிய தங்கா ஒன்றை இறக்குவார்கள். பிறகு வரும் ஆட்டங்களில் மூன்றைத் தவறவிடக் கூடாது.

ஒன்று, கருந்தொப்பி ஆட்டம். முகமூடி இல்லை, அகன்ற விளிம்புடைய கறுப்புத் தொப்பி, தரையைத் தொடும் பட்டாடை, அகலக் கைகள். இவர்கள் தாந்திரிக ஆசான்கள். ஆடும் இடத்திலிருந்து தீய சக்திகளை விலக்கி அதைப் புனிதமாக்குவது இவர்கள் வேலை.

இரண்டு, குருவின் எட்டு வடிவங்கள். விழாவின் உச்சம் என்று இதைத்தான் சொல்வோம். பட்டுக் குடையின் கீழ் பெரிய பொன்னிற முகமூடியோடு மெதுவாக நடந்து வருகிறவர் பத்மசம்பவர். அவர் நடுவில் அமர, மற்ற வடிவங்கள் இருபுறமும் அமர்வார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து ஆடுவார்கள். சாக்கிய செங்கே புத்தரைப் போன்ற அமைதியான வடிவம். பெமா க்யால்போ அரசர். தோர்ஜே த்ரோலோவும் செங்கே த்ரதோகும் உக்கிர வடிவங்கள். முன்னவர் செந்நிறம், பின்னவர் நீலம். உக்கிர முகமூடிகளின் நெற்றியில் மண்டையோட்டு வரிசையும் மூன்றாவது கண்ணும் இருக்கும். பயமுறுத்தும் பேய்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவை காக்கும் வடிவங்கள், கோபம் அறியாமையின்மேல். உள்ளூர் முதியவர்கள் குரு வரும்போது எழுந்து கைகூப்புவார்கள், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

மூன்று, வாற்கோதுமை மாவில் பிசைந்த உருவத்தை அழிப்பது. விழா முடிவை நெருங்கும்போது நடக்கும். முற்றத்தில் வைத்த அந்தச் சிறு உருவத்தை ஆட்டத் தலைவர் வெட்டிச் சிதைப்பார். நான் என்ற பற்றும் அதிலிருந்து பிறக்கும் தீமைகளும் அந்த உருவத்துக்குள் அழைக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன என்பது பொருள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். உருவம் மிகச் சிறியது, தரையில் இருக்கும். பின்வரிசையில் நின்றால் தெரியாது.

நடுநடுவே கோமாளி முகமூடிகள் கூட்டத்துக்குள் புகுந்து வேடிக்கை செய்யும், காசு கேட்கும். பத்து இருபது ரூபாய்த் தாள்களைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். எலும்புக்கூடு உடையில் வருகிறவர்கள் சுடுகாட்டின் காவலர்கள், உடல் நிலையில்லாதது என்பதை நினைவூட்டுகிறவர்கள்.

ஆடுகிறவர்களில் பலர் முகமூடியின் வாய் வழியாகவோ மூக்குத் துளை வழியாகவோதான் வெளியே பார்க்கிறார்கள். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. ஆட்ட வட்டத்தின் ஓரக் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டி உட்கார்ந்தால் அவர்கள் தடுக்கி விழ நேரும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?
– வாசகர், வேலூர்

லேயிலிருந்து காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். மணாலி நெடுஞ்சாலையில் கரு என்ற ஊர் வரை போய், அங்கே பிரிந்து சிந்து நதியைத் தாண்டி ஒரு பக்கப் பள்ளத்தாக்குக்குள் ஏற வேண்டும். கடைசி வளைவு வரை மடம் கண்ணுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு மேல் கருவிலேயே வண்டிகள் நெருக்கும். கீழே எங்கோ நிறுத்திவிட்டு மேட்டில் நடக்க நேரிடும். விழா நாட்களில் லேயிலிருந்து பேருந்துகளும் போகும், ஆனால் திரும்பும்போது அவற்றில் இடம் கிடைப்பது சிரமம். டாக்சிக்கு ஓட்டுநர் சங்கம் அச்சிட்ட கட்டணப் பட்டியல் உண்டு. அதில் காத்திருப்பு நேரம் எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். அரை நாள் கணக்கில் பேசிவிட்டு மாலை வரை உட்கார்ந்தால் தகராறு வரும்.

உயரம் பழகிவிட்டது என்றால் முந்தைய இரவே ஹெமிஸ் கிராமத்து வீட்டிலோ மடத்துக்குக் கீழே மரத்தடிக் கூடாரத்திலோ தங்குவதுதான் மிகச் சிறந்தது. அதிகாலைப் பூசையின் ஒலியையும் கேட்கலாம்.

ஆட்டம் பொதுவாக ஒன்பது பத்து மணிவாக்கில் தொடங்கும். நடுவில் மதிய உணவு இடைவேளை. நான்கு மணியளவில் முடியும். ஆடுகிறவர்கள் மண்டபத்திலிருந்து படியிறங்கித்தான் முற்றத்துக்கு வருவார்கள். அதனால் படிகள் தெரியும்படி எதிர்ப்பக்கத்தில் இடம் பிடியுங்கள். மாடியும் மேல்தளமும் கேமராக்காரர்களுக்கு நல்லவை, அங்கே சில பகுதிகளில் கட்டணமும் உண்டு. கருந்தொப்பியின் காலசைவைப் பார்க்க வேண்டுமானால் தரைதான். துறவிகளுக்கும் ரின்போச்சே எனப்படும் மூத்த லாமாவுக்கும் விரித்த மெத்தைகள், இசைக்காரர்கள் வரிசை, முன்வரிசையில் உள்ளூர்ப் பாட்டிகள் துண்டு போட்டு வைத்த இடம், இந்த மூன்றிலும் உட்காராதீர்கள்.

தரை கல். மடித்த போர்வையோ சிறு மெத்தையோ கொண்டுபோங்கள். குடை விரித்தால் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும். தொப்பியும் பருத்தித் துண்டும் போதும். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, அரை மணி நேரத்தில் மூக்கும் பின்கழுத்தும் கன்றிவிடும். சன்ஸ்கிரீனைக் காலையில் ஒருமுறை பூசினால் போதாது, இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும். மேகம் வந்து மறைத்தால் அதே இடத்தில் குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

ஒரே நாள்தான் முடியுமென்றால் எந்த நாள் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் கூட்டம் அதிகம். முடிந்தவரை இரண்டு நாளும் போங்கள். முடியாதென்றால், ஒரு நாளைத் தேர்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக உட்காருங்கள். இரண்டு நாளும் இரண்டிரண்டு மணி நேரம் எட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.

அம்மாவுக்கு 66 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறது. அழைத்துப் போகலாமா?
– வாசகி, திருநெல்வேலி

இரண்டும் மருந்தால் கட்டுக்குள் இருந்து, தினமும் அரை மணி நேரம் இளைக்காமல் நடக்கிறவர் என்றால் பலர் போய்வருகிறார்கள். இதய அடைப்பு, ஆஸ்துமா, நுரையீரல் நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் விழாவுக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டாம். முடிவை அவருடைய மருத்துவரே சொல்லட்டும். "3,500 மீட்டரில் ஆறு நாள்" என்று எண்ணோடு கேளுங்கள், "லடாக் டூர்" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அசெட்டசோலமைடு சில அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைக்கும், அதையும் கேளுங்கள். உயரத்தில் பசி குறையும் என்பதால் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து மயங்குவது நடக்கிறது. குளுக்கோமீட்டர் கையோடு இருக்கட்டும்.

ஹெமிஸில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து முற்றம் வரை ஏற்றமும் படிகளும் உண்டு. சக்கர நாற்காலி போகாது. பத்து எட்டுக்கு ஒருமுறை நின்று ஏறட்டும். முதியவர்களுக்கு முன்னே இடம் விடும் பழக்கம் லடாக்கிகளிடம் இருக்கிறது. "ஜூலே" என்று வணக்கம் சொல்லிக் கேளுங்கள்.

பெண்கள் எல்லா இடத்துக்கும் போகலாமா? மாதவிலக்கு நாளில் வந்தால்? நம் கோயில்போல விழுந்து கும்பிடலாமா?
– வாசகி, மதுரை

முற்றத்துக்கும் துக்காங் எனப்படும் பெரிய பிரார்த்தனை மண்டபத்துக்கும் பெண்கள் தடையின்றிப் போகலாம். மாதவிலக்கு குறித்து யாரும் கேட்பதில்லை. காவல் தெய்வங்கள் இருக்கும் கோன்காங் என்ற இருண்ட அறைக்குள் சில கோம்பாக்களில் பெண்களை அனுமதிப்பதில்லை. வாசலில் பலகை இருக்கும், அல்லது துறவி சொல்வார். வாதிட வேண்டாம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை. மண்டபத்துக்குள் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். ஸ்தூபி, உருளைகள், மண்டபம் எல்லாவற்றையும் வலமாகவே சுற்ற வேண்டும். பிரார்த்தனை உருளையையும் வலப்பக்கமாகவே உருட்ட வேண்டும். உட்காரும்போது பாதம் தெய்வத்தையோ லாமாவையோ நோக்கி நீளக் கூடாது. விழுந்து கும்பிடத் தடையில்லை. மூன்று முறை கும்பிடுவது அங்கே வழக்கம். ஆனால் ஆட்டம் நடக்கும் முற்றத்தில் செய்யாதீர்கள், மண்டபத்துக்குள் செய்யுங்கள். நடந்து போகும் துறவியின் காலைத் தொடுவதும், உடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அவர்களுக்குச் சங்கடம்.

ரின்போச்சேவிடம் ஆசி பெற வரிசை வந்தால் காதா என்ற வெள்ளைத் துண்டு வேண்டும். லே கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு உள்ளங்கையிலும் விரித்துப் பிடித்துக் குனிந்து நீட்டுங்கள். பெரும்பாலும் அதையே உங்கள் கழுத்தில் திருப்பிப் போடுவார். காணிக்கையை உண்டியலில் போடலாம். வெண்ணெய் விளக்கு ஏற்ற விரும்பினால் மடத்துக்காரர்களிடம் பணம் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள். ஊரிலிருந்து கற்பூரமும் ஊதுபத்தியும் கொண்டுபோய்ப் பழைய சுவரோவியங்களுக்கு அருகே கொளுத்தாதீர்கள்.

படம் எடுக்க என்ன லென்ஸ்? டிரோன் பறக்கவிடலாமா?
– வாசகர், சென்னை

டிரோன் கூடவே கூடாது. எல்லைப் பகுதி, ராணுவக் கட்டுப்பாடு, பறிமுதல் ஆகும். 70–200 மி.மீ. ஜூம் ஒன்றும் அகலக் கோண லென்ஸ் ஒன்றும் போதும். உச்சிவெயிலில் பாதி முற்றம் வெளுத்தும் பாதி இருண்டும் இருக்கும். ஜரிகை உடை எளிதில் வெளுத்துப்போவதால் ஒளி அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ஆடுகிறவரின் கண்ணில் அடித்தால் அடி தவறும். முக்காலி நெரிசலில் பிறர் காலைத்தான் தட்டும். மடத்து அருங்காட்சியகத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை, கேமராவை வாசல் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குரு வடிவங்கள் இறங்கும் நேரத்தில் வெளியூர்க் கேமராக்கள் படிக்கட்டை அடைத்து நிற்க, ஆண்டு முழுதும் காத்திருந்து தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு கைகூப்புகிறார்கள். இது அவர்களுடைய பண்டிகை. ஐந்து நிமிடம் படம் எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். சடை பின்னிய பாட்டிகளையும் டர்க்காய்ஸ் கற்கள் பதித்த பெராக் தலையணி அணிந்த பெண்களையும் கேட்காமல் முகத்துக்கு நேரே எடுக்காதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிவறை எப்படி? நாங்கள் சைவம்.
– வாசகர், கும்பகோணம்

விழாத் திடலில் மோமோ, துக்பா என்ற நூடுல் சூப், நூடுல்ஸ், சாதம்-பருப்பு கிடைக்கும். மோமோவும் துக்பாவும் ஆட்டிறைச்சியோடும் வரும் என்பதால் "வெஜ்" என்று சொல்வதோடு, குழம்புநீர் எதில் கொதித்தது என்றும் கேளுங்கள். குர்குர் சா என்பது வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர். இனிப்புத் தேநீரை எதிர்பார்த்துக் குடித்தால் பிடிக்காது. ரசம் குடிக்கும் மனதோடு குடியுங்கள், வறண்ட காற்றுக்கு நல்லது. காம்பீர் ரொட்டியும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் காலையிலேயே பையில் எடுத்துப் போனால் மதிய நெரிசலில் நிற்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நிரப்பிக்கொள்ளும் புட்டியில். பிளாஸ்டிக் புட்டிகளை அங்கே அழிக்க வழியில்லை. காலிப் புட்டியை லே வரை திரும்பக் கொண்டுவாருங்கள்.

கழிவறை பெரும்பாலும் லடாக்கி உலர் கழிவறை. தரையில் துளை, பக்கத்தில் மண்குவியலும் மண்வெட்டியும். முடித்ததும் ஒரு வெட்டு மண் தள்ள வேண்டும். அது எருவாகி வயலுக்குப் போகிறது. தண்ணீர் ஊற்றினால் மட்கல் கெட்டு நாற்றம் எடுக்கும். நாப்கின், ஈரத் துடைப்பான் எதையும் துளைக்குள் போடாதீர்கள்.

ப்ரீபெய்டு சிம் வேலை செய்யுமா? மலேசியாவிலிருந்து வரும் உறவினருக்கு அனுமதிச் சீட்டு தேவையா?
– வாசகர், காரைக்குடி

வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும், ஹெமிஸ் பள்ளத்தாக்குக்குள் விட்டுவிட்டு வரும். குழுவாகப் போகிறவர்கள் பிரிந்தால் சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசி வையுங்கள். பணத்தை லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெமிஸுக்கு யாருக்கும் தனி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் லே விமான நிலையத்தில் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். பாங்கோங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு போவதானால் மட்டும் பதிவு பெற்ற முகவர் வழியாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வாங்க வேண்டும்.

தரை வழியாகப் போனால் உயரம் பழகும் என்கிறார்களே. மணாலியா, ஸ்ரீநகரா?
– வாசகர், ஈரோடு

பழக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஸ்ரீநகர். அது 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரவு தங்கும் கார்கில் ஏறக்குறைய 2,700, பிறகு லே. படிப்படியான ஏற்றம். மணாலி வழியில் தங்லங் லா 5,300 மீட்டரைத் தாண்டும். நடுவழியில் தங்கும் சர்ச்சுவே 4,200க்கு மேல். லேயைவிட உயரத்தில் முதல் இரவு தூங்க வேண்டியிருக்கும், பலர் அங்கேதான் நோயில் விழுகிறார்கள். போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவழி வந்தாலும் லேயில் ஒரு நாள் ஓய்வு தேவை.

பள்ளி விடுமுறையோடு ஹெமிஸ் தேதி ஒத்துவரவில்லை. வேறு விழாக்கள் உண்டா?
– வாசகி, புதுச்சேரி

உண்டு. ஹெமிஸைவிடக் கூட்டம் குறைந்தவை, எங்கள் பார்வையில் முதன்முறை போகிறவர்களுக்கு அவையே ஏற்றவை. ஹெமிஸ் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் தக்தோக் த்செசு வரும். கருவிலிருந்து மறுபக்கம் சக்தி கிராமத்தில், குகையைச் சுற்றி எழுந்த நியிங்மா மரபுக் கோம்பா. அங்கும் பத்மசம்பவர்தான் நாயகர். அக்டோபர், நவம்பரில் திக்ஸே குஸ்தோர் நடக்கும். தீபாவளி விடுமுறையோடு சில ஆண்டுகளில் ஒத்துவரும். அப்போது இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், விடுதிகள் பல மூடியிருக்கும், குழாய்களில் தண்ணீர் உறையத் தொடங்கும். குழந்தைகளோடு போவதானால் அறையில் சூடேற்றும் வசதி இருக்கிறதா, வெந்நீர் வாளியில் தருவார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரும் மாத்தோ நக்ராங்கில் தெய்வம் ஏறிய இரு துறவிகள் குறி சொல்வார்கள். அந்தக் குளிர் சிறுவர்களுக்கு ஆகாது.